மரபணு வளங்களின் பயன் பகிர்வு: ஆய்வுகள் எந்தப் பக்கம் நகர்கின்றன?

பொதிகைச்சாரல்

வணக்கம். மரபணு வளங்களை அணுகுதல், பயன் பகிர்தல் (ஒரு செடியையோ உயிரியையோ பயன்படுத்துவோர் அதைத் தந்த நாட்டுக்கும் மக்களுக்கும் பங்கு தருவது; ஆங்கிலச் சுருக்கத்தால் இனி ஏ.பி.எஸ். என்றே எழுதுகிறேன்) பற்றி, சி.பி.டி. எனப்படும் பல்லுயிர் உடன்படிக்கை உருவான 1992 முதல் வந்த ஆய்வுக் கட்டுரைகளை எண்ணி, அவை எத்திசையில் நகர்ந்திருக்கின்றன என்று ஓர் அத்தியாயம் எழுத வேண்டும். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தளத்தில் "ஏ.பி.எஸ்." என்று போட்டுத் தேடினால் பிளாஸ்டிக்கும் கார் பிரேக்கும் வந்து குவிகின்றன. முழுத்தொடரைப் போட்டால் மிகக் குறைவாக வருகிறது.

மூன்று கேள்விகள். தேடுசொற்களை எப்படி அமைப்பது? டி.எஸ்.ஐ. எனப்படும் மரபணு வரிசைத் தரவுதான் இப்போது முழுக் களத்தையும் பிடித்துவிட்டதா, அல்லது எனக்குக் கண்ணில் படுவது மட்டும் அப்படியா? இந்திய எடுத்துக்காட்டாக அகத்தியமலைப் பழங்குடிகளான காணி மக்கள், அவர்கள் அறிந்த ஆரோக்கியப்பச்சைச் செடி பற்றிய நிகழ்வை எடுக்க நினைக்கிறேன். அது அரைத்த மாவா, இன்னும் செய்ய வேலை இருக்கிறதா?

---

எண்ணும்எழுத்தும்

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

"ஏ.பி.எஸ்." என்ற சுருக்கத்தைத் தனியாகத் தேடவே கூடாது. ஒரு பிளாஸ்டிக் வகை, வழுக்காத பிரேக், ஆஸ்திரேலியப் புள்ளியியல் நிறுவனம், கடன்பத்திர வகை எல்லாம் அதே மூன்றெழுத்து. அடுத்த பொறி "நகோயா", பயன் பகிர்வு பற்றிய பன்னாட்டு நெறிமுறையின் பெயர். அது ஜப்பானில் பெரிய பல்கலைக்கழகம் உள்ள ஊரின் பெயரும்கூட. எல்லாப் புலங்களிலும் தேடினால் அந்தப் பல்கலைக்கழக முகவரி உள்ள அத்தனை இயற்பியல், வேதியியல் கட்டுரைகளும் வந்துவிடும். தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் ஆகிய மூன்றில் மட்டும் தேடுங்கள். "நகோயா" என்று தனியாக விடாமல் "நகோயா புரோட்டோகால்" என்று மேற்கோள்குறிக்குள் போடுங்கள்.

"பெனிஃபிட் ஷேரிங்" மட்டும் போட்டாலும் ஆபத்துதான். அணைக்கட்டு, சுரங்கம், காட்டுயிர்ச் சுற்றுலா, மனித மரபணு வங்கி என நாலு துறைகளிலும் அந்தச் சொல் புழங்குகிறது. ஆகவே இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். முதல் அடுக்கில் பெனிஃபிட் ஷேரிங், பயோபைரசி (உயிர்வளத் திருட்டு), பயோப்ராஸ்பெக்டிங் (பயன் தரும் உயிர்வளத்தைத் தேடுதல்), நகோயா புரோட்டோகால், பான் கைட்லைன்ஸ். இரண்டாவதில் ஜெனடிக் ரிசோர்ஸ், பயாலஜிக்கல் ரிசோர்ஸ், டிரெடிஷனல் நாலெட்ஜ், டிஜிட்டல் சீக்வன்ஸ் இன்ஃபர்மேஷன். ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் "அல்லது". இரண்டுக்கும் நடுவில் "மற்றும்". உலகச் சுகாதார நிறுவனம் சார்ந்த கட்டுரைகள் டி.எஸ்.ஐ. என்று எழுதுவதில்லை, "ஜெனடிக் சீக்வன்ஸ் டேட்டா" என்றே எழுதும். அதைச் சேர்க்காவிட்டால் நோய்க்கிருமிப் பகிர்வு பற்றிய கிளையே, கட்டுரைகளின் தொடர்பைக் காட்டும் வரைபடத்தில் வராது.

தேடல் சரியா என்று இரண்டு வழியில் சோதிக்க வேண்டும். உங்கள் துறையில் யாரும் மறுக்க முடியாத 30 கட்டுரைகளைக் கையால் பட்டியலிட்டு, அவற்றில் எத்தனை தேடலில் சிக்குகின்றன என்று பாருங்கள். 27க்குக் குறைந்தால் தேடுசொல் போதவில்லை. அடுத்து, வந்த முடிவுகளிலிருந்து குலுக்கல் முறையில் 200 எடுத்து இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து "உண்டு, இல்லை" என்று குறியுங்கள். இருவரும் ஒத்துப்போகும் அளவைக் கோஹன் கப்பா என்ற புள்ளியியல் எண்ணாகக் கொடுங்கள். இந்தச் சோதனை இல்லாமல் வரும் வரைபடங்களை நான் நம்புவதில்லை, வண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வி.ஓ.எஸ்.வியூவர் என்ற வரைபட மென்பொருளில் போடுமுன், ஒரே பொருளுள்ள சொற்களை ஒன்றாக்கும் ஒத்தசொல் கோப்பு கட்டாயம். டேப் பிரித்த உரைக்கோப்பு, இரண்டு நெடுவரிசைகள், முதலாவதன் தலைப்பு "லேபிள்", இரண்டாவது "ரிப்ளேஸ் பை". "சி.பி.டி."யும் அதன் முழுப்பெயரும் தனித்தனி வட்டமாக நின்றால், அந்த உடன்படிக்கை தன்னோடு தானே தொடர்பு கொண்டிருப்பதுபோல் படம் வரும். வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இன்னொரு தளத்தில் மேற்கோள்களோடு சேர்த்து இறக்கினால் ஒரு தடவைக்கு 500 பதிவுதான் கிடைக்கும். இரண்டு தளத்தையும் சேர்த்தபின் டி.ஓ.ஐ. எனப்படும் கட்டுரை அடையாள எண்ணை வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். டி.ஓ.ஐ. இல்லாதவை பெரும்பாலும் சட்ட இதழ்கள், நூல் அத்தியாயங்கள். அவற்றைத் தலைப்பு, ஆண்டு வைத்துக் கையால்தான் பார்க்க வேண்டும்.

கட்டுரை எண்ணிக்கை ஏறுகிறது என்பதை மட்டும் வைத்து "ஆர்வம் பெருகுகிறது" என்று எழுதிவிடாதீர்கள். எல்லாத் துறையிலும் எண்ணிக்கை ஏறத்தான் செய்கிறது. பல்லுயிர் பற்றிய மொத்தக் கட்டுரைகளில் எத்தனை விழுக்காடு என்று வகுத்துக் காட்டினால்தான் அந்தக் கோட்டுக்குப் பொருள் உண்டு.

---

விதைக்கோட்டை

இரண்டாவது கேள்விக்கு: டி.எஸ்.ஐ. களத்தின் முன்னால் நிற்பது உண்மை. ஆனால் அது தனியாக முளைத்ததல்ல, பழைய ஏமாற்றத்தின் தொடர்ச்சி.

1990களில் வந்த எழுத்தைப் படித்தால் அதில் நம்பிக்கையும் கோபமும் கலந்திருக்கும். நம்பிக்கைக்குக் காரணம் 1991இல் மெர்க் மருந்து நிறுவனம் கோஸ்டா ரிக்காவின் பல்லுயிர் நிறுவனமான இன்பியோவோடு செய்த உடன்படிக்கை. சுமார் 11 லட்சம் டாலர் முன்பணம். காட்டை விற்காமல் காட்டிலுள்ள மூலக்கூறை விற்றே காட்டைக் காப்பாற்றலாம் என்று பலர் எழுதினார்கள். கோபத்துக்குக் காரணம் மஞ்சளும் வேம்பும். மஞ்சளைப் புண்ணுக்குப் போடுவதற்கு 1995இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்ததால் 1997இல் நீக்கப்பட்டது. வேம்பின் ஐரோப்பியக் காப்புரிமை 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. "பயோபைரசி" என்ற குறிச்சொல் அந்தக் காலகட்டத்தில் உச்சத்தில் இருந்திருக்கும், சரிபாருங்கள்.

பயன் பகிர்வுக்கான 2002 பான் வழிகாட்டிகளுக்குப் பிறகு சட்ட மொழி உள்ளே வந்தது. 2010இல் நகோயா நெறிமுறை, 2014 அக்டோபர் 12இல் நடைமுறைக்கு வந்தது. இக்காலக் கட்டுரைகள் பெரும்பாலும் "எங்கள் நாட்டில் எப்படி நடைமுறைப்படுத்தலாம்" வகை. ஒரு நாட்டின் பெயரை மாற்றினால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும் என்கிற அளவுக்கு ஒன்றுபோல இருக்கும். இதன் நடுவே உயிரியலாளர்கள் பக்கமிருந்து ஓர் எதிர்க்குரல் எழுந்தது. வணிக நோக்கமே இல்லாத வகைப்பாட்டியல் ஆய்வையும் அனுமதிச் சிக்கல் முடக்குகிறது என்று 2018இல் சயன்ஸ் இதழில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பிரதாபன் உள்ளிட்டோர் எழுதினார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். அந்த விவாதத்தைத் தனிக் கிளையாகவே காட்டலாம்.

டி.எஸ்.ஐ. கதை பல்லுயிர் உடன்படிக்கை நாடுகளின் 2016 கான்கூன் மாநாட்டில் தொடங்குகிறது. இலையை அனுப்பாமலே வரிசையைப் பதிவிறக்கி ஆய்வகத்தில் மூலக்கூறை உண்டாக்க முடியும் என்றால், இலைக்குப் போட்ட பூட்டால் என்ன பயன்? ஏழை நாடுகளின் இந்தக் கேள்விக்கு 2022இல் மாண்ட்ரியலில் ஒரு பாதி விடை வந்தது: நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் வேண்டாம், பொதுவான பலதரப்பு நிதி வேண்டும். 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய மாநாடு அளவைச் சொன்னது. மொத்தச் சொத்து 2 கோடி டாலர், விற்பனை 5 கோடி டாலர், லாபம் 50 லட்சம் டாலர் ஆகிய மூன்றில் இரண்டை மூன்றாண்டுச் சராசரியில் தாண்டுகிற, வரிசைத் தரவால் பயன்பெறுகிற நிறுவனம் லாபத்தில் 1 விழுக்காடோ வருவாயில் 0.1 விழுக்காடோ "காலி நிதி" எனப்படும் அந்தப் பொது நிதிக்குத் தர வேண்டும். குறைந்தது பாதி பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும். இதில் "வேண்டும்" என்பதை அழுத்திப் படிக்காதீர்கள். ஆங்கில மூலத்தில் இருப்பது "ஷுட்", அதாவது பரிந்துரை. விகிதமும் வழிகாட்டும் விகிதம்தான். நிதி 2025 பிப்ரவரியில் ரோமில் தொடங்கப்பட்டது, முதலில் வந்து சேர்ந்த தொகை 1,000 டாலர். எத்தனையோ கட்டுரைகள் இதை முடிந்த கதையாக எழுதுகின்றன. கட்டாயம் இல்லாத இடத்தில் பணம் எப்படி வரும் என்பதுதான் இப்போது ஆய்வு செய்ய வேண்டிய இடம்.

மற்றக் கிளைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயர்கடல் (எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடல்): 2023 ஜூனில் ஏற்கப்பட்ட ஒப்பந்தம் 2026 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே எல்லாரும் மேற்கோள் காட்டுவது 2018இல் சயன்ஸ் அட்வான்சஸில் வந்த கணக்கு: காப்புரிமையில் வந்த 862 கடலுயிரிகளின் 12,998 வரிசைகளில் 47 விழுக்காடு ஒரே நிறுவனத்திடம், பி.ஏ.எஸ்.எஃப். வசம். பயிர்கள்: 2001 விதை உடன்படிக்கை, 64 பயிர்கள், ஒரே வடிவ ஒப்பந்தம், அதன் எழுத்தாளர்களே வேறு, உங்கள் மேற்கோள் வரைபடத்தில் தனித்தீவாக நிற்பார்கள். நோய்க்கிருமி: 2007இல் இந்தோனேசியா பறவைக்காய்ச்சல் மாதிரிகளைத் தர மறுத்தது, 2011இல் இன்ஃபுளுவென்சா கட்டமைப்பு, 2025 மே மாதத்தில் பெருந்தொற்று உடன்படிக்கை. காப்புரிமை வெளிப்படுத்தல் (காப்புரிமை கேட்கும்போது வளம் எங்கிருந்து வந்தது என்று சொல்லுதல்): 2024 மே 24இல் ஏற்கப்பட்ட, வைப்போ எனப்படும் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் உடன்படிக்கை.

என் கணிப்பு: "கொள்கை எப்படி இருக்க வேண்டும்" என்ற கட்டுரைகள் மலைபோல் இருக்கும். "கொடுத்த பணம் யார் கையில் சேர்ந்தது" என்று எண்ணிப் பார்த்தவை விரல்விட்டு எண்ணலாம். உங்கள் 200 மாதிரியைக் குறிக்கும்போது இதற்கும் ஒரு நெடுவரிசை போடுங்கள்.

---

மலையருவி

மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. அதனால்தான் காணி நிகழ்வு அரைத்த மாவு அல்ல என்கிறேன். நூற்றுக்கணக்கானோர் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். பெரும்பாலானோர் முந்தைய கட்டுரையைப் பார்த்து எழுதுகிறார்கள்.

உறுதியான பகுதி இது. 1987 டிசம்பரில் அகத்தியமலைப் பயணத்தில், வழிகாட்ட வந்த காணிகள் களைப்பே இல்லாமல் நடப்பதையும் ஒரு செடியின் பழத்தைத் தின்பதையும் புஷ்பாங்கதன், ராஜசேகரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அது ஆரோக்கியப்பச்சை, டிரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ். பின்னர் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தில் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து "ஜீவனி" உருவானது. 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 7 ஆண்டு உரிமம்: கட்டணம் ரூ. 10 லட்சம், ஆலைவிலை விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. தனக்கு வருவதில் பாதியைக் காணிகளுக்குத் தருவதாக நிறுவனம் முடிவெடுத்தது. வாங்கிக்கொள்ள அமைப்பு இல்லாததால் 1997 நவம்பரில் அறக்கட்டளை பதிவாகி, 1999இல்தான் ரூ. 5 லட்சத்துக்குச் சற்று மேல் கைக்கு வந்தது. இந்தியப் பல்லுயிர்ச் சட்டமே 2002இல்தான் வந்தது என்பதால், சட்டம் இல்லாமலே நடந்த பகிர்வு இது.

இனி கட்டுரைகள் வழுக்கிவிழும் இடங்கள்.

காணிகள் தின்றது பழம். மருந்துக்குப் போனது இலை. "பாரம்பரிய அறிவை அப்படியே எடுத்தார்கள்" என்று எழுதுவதும் தவறு, "இலையின் குணத்தை ஆய்வகம்தான் கண்டது, காணிகளுக்குப் பங்கில்லை" என்பதும் தவறு. வழி காட்டியது அந்தப் பழம்தானே. அறிவுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை அளக்க இன்றுவரை ஒழுங்கான முறை இல்லை.

"காணிகள் ஒப்புக்கொண்டார்கள்" என்ற வாக்கியத்தை அப்படியே எழுதாதீர்கள். வழிகாட்டிகளாக வந்த சிலர் சொன்னார்கள். பிலாத்தி எனப்படும் மருத்துவர்கள் சிலர், அறிவைத் தனியாருக்கு விற்கக்கூடாதென்று 1995இலேயே கேரள முதல்வருக்கு எழுதினார்கள். குற்றிச்சல் பகுதியில் இருந்த ஆதரவு விதுராவிலும் பெரிங்கமலையிலும் இல்லை. ஒரு சமூகத்துக்குள் யார் ஒப்புதல் தருவது என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது.

மூலப்பொருள் சிக்கல் எல்லாவற்றையும் விடப் பெரியது. பயிரிட்டுத் தரும் திட்டத்தில் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்த்தார்கள். செடிக்குக் காட்டு நிழல் வேண்டும், காடோ வனத்துறையுடையது. இலையைப் பறித்து வெளியே கொண்டுவர அனுமதி சிக்கியதும் மருந்துக்கு இலை வரவில்லை. இலை இல்லாமல் விற்பனை இல்லை, விற்பனை இல்லாமல் 2 விழுக்காடும் இல்லை. ஒப்பந்தத்தில் பகிர்வு விகிதத்தைப் பற்றி நிறைய யோசித்தவர்கள் வரத்து வழியைப் பற்றி யோசிக்கவில்லை. இதற்கிடையே அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் "ஜீவனி" என்ற பெயரையே வணிகக்குறியாக்கிக்கொண்டது; இங்கே யாரும் அதை வெளிநாட்டில் பதிந்து வைக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பும் உண்டு. பாபநாசத்துக்கு மேலேயும் கன்னியாகுமரி மலையிலும் காணிகள் இருக்கிறார்கள். ஒரே மக்கள், ஒரே மலை, நடுவே மாநில எல்லை. அறக்கட்டளை கேரளத்துக்கானது. எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ளவர்களுக்கும் அதே அறிவு இருந்தால் பங்கு யாருக்கு? நகோயா நெறிமுறையின் 11ஆம் உறுப்பு நாட்டெல்லை தாண்டிய வளங்களைப் பேசுகிறது. மாநில எல்லையைப் பேசவில்லை. இங்கே களப்பணி செய்தால் புதிதாகச் சொல்ல உங்களுக்கு நிறைய இருக்கும்.

---

பொதிகைச்சாரல்

மூவருக்கும் நன்றி. மலையருவி சொன்ன எல்லைச் சிக்கலை எடுத்துக்கொள்ளப் போகிறேன். துணைக் கேள்வி ஒன்று. எங்கள் குழு அகத்தியமலைச் செடி ஒன்றின் இலையை ஜெர்மனியிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி அதன் டி.என்.ஏ.வை வரிசைப்படுத்த நினைக்கிறது. வணிக நோக்கம் இல்லை. "ஆய்வுக்குத்தானே, அனுமதி வேண்டாம்" என்கிறார்கள். சரியா?

---

பிரிவுஏழு

சரியல்ல. இந்த ஓர் இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

இந்தியக் குடிமகன், இந்திய நிறுவனம், இந்தியாவுக்குள் ஆய்வு என்றால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன்னனுமதி தேவையில்லை. மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்னறிவிப்பு தரும், பல்லுயிர்ச் சட்டத்தின் 7ஆம் பிரிவும் வணிகப் பயன்பாட்டுக்குத்தான். ஆனால் இலை கப்பல் ஏறும் நொடியில் நிலைமை மாறுகிறது. வணிக நோக்கமில்லாத ஆய்வுக்கென்றாலும் மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆணையத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். "இலையை அனுப்பவில்லை, பிரித்தெடுத்த டி.என்.ஏ.தான்" என்பதும் செல்லாது, சட்டத்தின் வரையறையில் மரபணுப் பொருளும் உயிரியல் வளமே. கூட்டாய்வுக்கு 5ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அது மத்திய அரசின் வழிகாட்டிகளுக்கு உட்பட்டு ஒப்புதல் பெற்ற கூட்டாய்வுக்கு. இரு பேராசிரியர்கள் மின்னஞ்சலில் பேசி முடிவுசெய்தது அதில் வராது.

ஆகவே முதலில் யோசிக்க வேண்டியது, அனுப்பத்தான் வேண்டுமா என்பது. வரிசைப்படுத்தும் சேவை இந்தியாவிலேயே கிடைக்கிறது. சாதாரணப் பிரித்தெடுப்புக்கு உலர்ந்த இலை 20 மில்லிகிராம் போதும். நீள்வரிசை முறைக்குத்தான் சில கிராம் புத்திலை வேண்டும், அதுவும் அயல்நாட்டுக்குப் பயணம் செய்தால் கெட்டுவிடும். இங்கேயே செய்தால் மாதிரி ஏற்றுமதிச் சிக்கல் தீர்கிறது. ஆனாலும் ஆய்வு முடிவை வெளிநாட்டவருக்குக் கைமாற்றுவது பற்றிய 4ஆம் பிரிவு மிச்சமிருக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பின் பணத்துக்காக மாற்றுவது மட்டுமல்ல, வேறு வகையில் பகிர்வதும் அதில் அடங்கும். கூட்டாளிக்கு மூலத்தரவை அனுப்புமுன் அதைப் படியுங்கள்.

அனுப்பியே தீர வேண்டுமென்றால் விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியவை: செடியின் தற்போதைய அறிவியல் பெயரும் பழைய பெயர்களும், எடுத்த இடத்தை "மேற்குத்தொடர்ச்சி மலை" என்று விடாமல் ஊராட்சி, வட்டம், அகலாங்கு நெட்டாங்கு, அளவை "தேவையான அளவு" என்று எழுதாமல் கிராமிலும் மாதிரி எண்ணிக்கையிலும். ஊராட்சி தெரியாவிட்டால் எந்தப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கேட்பது, பின்னால் பணம் வந்தால் யாருக்குத் தருவது என்று யாருக்கும் தெரியாமல் போகும். ஜெர்மன் தரப்போடு செய்யும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கக்கூடாது, நோக்கம் மாறினால் மறுபடி அனுமதி, மிச்சத்தைத் திருப்புவது அல்லது அழிப்பது ஆகிய மூன்றும் இருக்கட்டும். இது அவர்களுக்கும் நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 511/2014 விதிப்படி, நகோயா வரம்புக்குள் வரும் வளத்தை முறையாகப் பெற்றதற்கு ஆவணம் காட்ட வேண்டிய கடமை பயன்படுத்துபவருக்கு உண்டு.

இவையெல்லாவற்றுக்கும் முன்னால் வனத்துறை. புலிகள் காப்பகத்துக்குள் செடி எடுக்கக் காட்டுயிர்ச் சட்டப்படித் தனி அனுமதி. பல்லுயிர் ஆணையத்தின் தாள் அதற்கு ஈடாகாது, வனத்துறைத் தாள் ஆணையத்துக்கு ஈடாகாது.

விதைக்கோட்டை விகிதம் பேசியதால் ஒரு சேர்க்கை. பயன் பகிர்வு பற்றிய இந்தியாவின் 2025 ஒழுங்குமுறையில் ஆண்டு வணிகம் ரூ. 5 கோடி வரை பங்கு இல்லை. 5 முதல் 50 கோடி வரை ஆலைவிலையில் 0.2 விழுக்காடு, 250 கோடி வரை 0.4, அதற்கு மேல் 0.6. 2014 வழிகாட்டியில் ரூ. 3 கோடிக்கு மேலேயே 0.5 இருந்தது. வரி நீக்கிய விற்பனை ரூ. 20 கோடி என்றால் இன்று ரூ. 4 லட்சம், அன்று அதே தொகைக்கு 0.5 போட்டால் ரூ. 10 லட்சம். பயிரிட்ட மூலிகைக்கும் தொகுக்கப்பட்ட மரபறிவுக்கும் 2023 திருத்தம் தந்த விலக்கையும் சேர்த்துப் பார்த்தால், நடுத்தர நிறுவனங்களிடமிருந்து கிராமத்துக்கு வரும் தொகை குறைந்திருக்கவே வாய்ப்பு. இந்திய நிறுவனங்களும் பங்கு தரவேண்டும் என்று 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் திவ்யா பார்மசி வழக்கில் சொன்ன தீர்ப்பையும் இந்த விலக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.

---

எண்ணும்எழுத்தும்

பொதிகைச்சாரலுக்கு இன்னொன்று. ஆரோக்கியப்பச்சையின் மரபணுத்தொகுதி வரைவு 2019இல் ஜி3 இதழில் வெளியாகிவிட்டது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்வியும் மூன்றாவதும் ஒரே செடியில் சந்திக்கின்றன. அந்த வரிசையை யார் பயன்படுத்துகிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

கட்டுரைகளில் தேடுவது எளிது. யூரோப் பி.எம்.சி. தளம் கட்டுரைக்குள் வரும் வரிசைப் பதிவெண்களைத் தானே பிரித்துக் காட்டும். ஜென்பேங்க் என்ற வரிசைத் தரவகத்தில், மாதிரி எடுத்த நாடு "ஜியோ லொக் நேம்" புலத்தில் இருக்கும், முன்பு அதன் பெயர் "கண்ட்ரி". பழைய பதிவுகளில் அது காலியாக இருப்பது சகஜம். அவற்றுக்கு மூலக்கட்டுரையைத் திறந்து இடத்தைப் பார்க்க வேண்டும்.

காப்புரிமையில்தான் தடம் அறுந்துபோகிறது. அங்கே பதிவெண் பெரும்பாலும் வராது, "வரிசை எண் 1, 2" என்று புதிய எண்தான் வரும். 2022 ஜூலை 1 முதல், காப்புரிமை விண்ணப்பத்தின் வரிசைப் பட்டியலுக்கான எஸ்.டி.26 வடிவில் உயிரியின் பெயர் கட்டாயம், ஆனால் எடுத்த நாடு கட்டாயமில்லை. வரிசையில் மாற்றம் செய்திருந்தால் "சிந்தெடிக் கன்ஸ்ட்ரக்ட்" (செயற்கை அமைப்பு) என்று போட்டு முடித்துவிடலாம். லென்ஸ் என்ற காப்புரிமைத் தேடல் தளத்தின் வரிசைத் தேடலில் பெயரை விட்டுவிட்டு வரிசையையே கொடுத்து ஒப்பிடுங்கள். 100 விழுக்காடு ஒத்தவற்றை மட்டும் எண்ணினால் மாற்றியமைத்தவை தப்பிவிடும். 70க்கு இறக்கினால் உறவுச் செடிகள் எல்லாம் வரும். 95, 90, 80 என மூன்று வாசலிலும் எண்ணி மூன்றையும் அட்டவணையில் கொடுங்கள். எந்த வாசல் சரியென்று நீங்கள் முடிவுகட்ட வேண்டாம், எண்கள் எவ்வளவு மாறுகின்றன என்பதே அந்த அத்தியாயத்தின் கண்டுபிடிப்பாக இருக்கும்.